புள்ளி விழும் பேனா

எழுதுபொருள் கடைக்குப் போய்ப் பேனா வாங்குகிறவர்கள் அதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கடைக்காரர் ஒரு துண்டுத் தாளை நீட்டுவார். வாங்குபவர் அதில் சுருள் சுருளாக ஒரு கிறுக்கல் கிறுக்குவார், அல்லது தன் கையெழுத்தைப் போடுவார். சிலர் பிள்ளையார் சுழி போட்டுப் பார்ப்பார்கள். மை வருகிறது. மூடியை மாட்டிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். எல்லாம் சேர்த்துச் சில நொடிகள்தான். அந்தச் சில நொடிகளில் தெரியவருவது ஒன்றே ஒன்று: பேனாவுக்குள் மை இருக்கிறது.

அந்தப் பேனாவை எடுத்துக்கொண்டு ஒருவர் குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்குப் போகலாம். அங்கே பொதுப்பாடத் தாள் ஒன்றில் 20 கேள்விகள். பத்துக்கு 150 சொற்கள் வீதம், பத்துக்கு 250 சொற்கள் வீதம். மூன்று மணி நேரத்தில் 4,000 சொற்கள். காலையில் ஒரு தாள் முடிந்து, சாப்பிட்டுவிட்டு வந்தால் பிற்பகலில் இன்னொரு தாள். தமிழிலும் எழுதலாம், எழுதுகிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பொதுத்தேர்வு மூன்று மணி நேரம். காவல் நிலையத்தில் ‘ரைட்டர்’ என்றே பெயர் பெற்ற காவலர், கணினி வந்த பிறகும் பல பதிவேடுகளைக் கையால் நிரப்புகிறார். இவர்கள் யாருக்கும் அந்தச் சுருள் கிறுக்கல் எதையும் சொல்லாது. முப்பதாவது நிமிடத்தில் கட்டைவிரலின் அடித்தசை இறுகும்போதுதான் பேனா தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்.

கை வலித்தால் எல்லோரும் முதலில் பேனாவின் உடலைத்தான் பழிக்கிறார்கள். ரொம்ப மெலிசு, வழுக்குகிறது, கனக்கிறது. கடைகளும் அதற்கே பதில் வைத்திருக்கின்றன: ரப்பர் பிடி வைத்த பேனா, விரல் பதியக் குழிந்த பேனா. ஆனால் பெரும்பாலான கைகளில் வலி தொடங்குவது மறுகோடியில், முனை தாளைத் தொடும் இடத்தில். எழுதும் கைக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் உண்டு. முனையைத் தாளின்மேல் அழுத்த வேண்டும். அப்படி அழுத்தும்போது பேனா விரல்களுக்குள் மேல்நோக்கி நழுவாதபடி இறுக்கிப் பிடிக்கவும் வேண்டும். முதல் வேலை கூடினால் இரண்டாவது தானாகக் கூடிவிடும். ஆகவே, அழுத்தினால்தான் எழுதும் என்ற முனையை வைத்துக்கொண்டு எவ்வளவு மெத்தென்ற பிடியைப் போட்டாலும் பயன் குறைவு. விரல் தோலில் வடு விழாது. தசை களைப்பது களைத்துக்கொண்டேதான் இருக்கும்.

எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டாம். எழுதிய தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரல்நுனியால் தடவினால் போதும். வரிகள் புடைத்துக்கொண்டு தட்டுப்பட்டால் கை தேவைக்கு மேல் உழைத்திருக்கிறது. பள்ளி நோட்டுகளில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். சில பிள்ளைகளின் நோட்டு, எழுதி முடித்த பாதி மட்டும் உப்பி, இரண்டு மடங்கு தடிமனாக நிற்கும்.

இந்த அழுத்தத்தைப் பழக்கமாக்கியது பால்பாயின்ட் பேனா. புடாபெஸ்டைச் சேர்ந்த பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ, வேதியியல் தெரிந்த தன் சகோதரர் ஜார்ஜுடன் சேர்ந்து 1938இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அர்ஜென்டினாவுக்குக் குடிபெயர்ந்து 1943இல் அங்கே இன்னொன்றும் பெற்றார். அவர் பிறந்த செப்டம்பர் 29 இன்றும் அந்த நாட்டில் கண்டுபிடிப்பாளர் நாள். அச்சகத்து மை சட்டென்று காய்ந்துவிடுவதைக் கவனித்ததிலிருந்து பிறந்த யோசனைதான் இந்தப் பேனா. ஆனால் அந்த மை கெட்டியானது. ஊற்றுப்பேனாவின் நிப் வழியே வராது. அதனால் முனையில் ஒரு குண்டை வைத்தார். குண்டு உருளும்போது மையை எடுத்துத் தாளில் பூசும். கசிவு நின்றது, உலரும் நேரம் போயிற்று, மைப்புட்டியே தேவையில்லாமல் போயிற்று. 1950 டிசம்பரில் மார்செல் பிக் பிரான்சில் வெளியிட்ட கிறிஸ்டல் பேனா அதை உலகத்தின் சட்டைப்பைகளுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. 1990களில் தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போனவர்களுக்கு அந்த இடத்தில் இருந்தது வெள்ளை உடலும் நீல மூடியும் கொண்ட ரெனால்ட்ஸ் 045. பிரெஞ்சுப் பெயர், தயாரானது சென்னை நிறுவனத்தில்.

இத்தனைக்கும் விலை அந்தக் கெட்டி மைதான். எண்ணெய் கலந்த மை தானாக இறங்காது. தாளோடு உரசிக் குண்டு உருள வேண்டும். உருளப் போதுமான அழுத்தம் வேண்டும். பேனாவையும் ஓரளவு நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், சாய்த்தால் குண்டுக்குப் பதில் அதைச் சுற்றியிருக்கும் உலோக விளிம்பு தாளைச் சுரண்டும். நிமிர்த்திப் பிடித்தால் பேனா, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் சாய்ந்து ஓய்வெடுக்க முடியாது. மூன்று விரல்களே அதை முழுவதுமாகத் தாங்க வேண்டும். பால்பாயின்ட் பேனாவால் கையெழுத்துக் கெட்டுப்போகும் என்று அதை வகுப்பில் தடைசெய்த அந்தக் கால ஆசிரியர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவர்கள் பார்த்ததில் உண்மை இருந்தது. மை ஊற்றி எழுதிப் பழகிய கை, பால்பாயின்டுக்கு மாறும்போது அழுத்தவும் இறுக்கவும் கற்றுக்கொண்டது. எழுத்தின் வளைவுகள் மூலைகளாயின.

தமிழ் எழுதுகிறவருக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. எந்த உறையிலும் எந்த விளம்பரத்திலும் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. புள்ளி. ‘சொல்லிக்கொண்டிருந்தார்கள்’ என்று ஒரு சொல். எழுத்துகள் 13, அவற்றில் ஆறின் தலையில் புள்ளி. ஆறு முறை பேனா தாளை விட்டு எழும்பி, ஓரிடத்தில் இறங்கி, உடனே மீண்டும் எழும்ப வேண்டும். உருண்டால்தான் மை தரும் குண்டுக்கு, நின்ற இடத்தில் மை தருவது இயல்பல்ல. மெல்லத் தொட்டால் வெளிறிய ஒரு தடம் விழும், சில நேரம் அதுவும் விழாது. அதனால் கை தன்னையறியாமல் புள்ளியைக் குத்தப் பழகுகிறது. அல்லது புள்ளிக்குப் பதில் ஒரு சிறு கோட்டையோ வட்டத்தையோ இழுக்கிறது. தேர்வுத் தாளின் பத்தாம் பக்கத்தில் புள்ளிகள் தாளைக் கிழித்துக்கொண்டு நிற்பதும், சில பக்கங்களில் புள்ளிகளே காணாமல் போவதும் இப்படித்தான். ஓலையில் எழுதியவர்களும் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணியின் கூர் ஓலையைத் துளைத்துவிடும். வாசிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று விட்டுவிட்டார்கள். விடைத்தாள் திருத்துபவரிடம் அந்தப் பெருந்தன்மையை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே கடைத் துண்டுத் தாளில் செய்ய வேண்டிய சோதனை வேறு. சுருளும் கையெழுத்தும் கை கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடும் வேலைகள். அவற்றை விட்டுவிட்டு, புள்ளிகள் நிறைந்த ஒரு வாக்கியத்தை, நோட்டில் எழுதும் அளவிலேயே, அவசரமாக எழுதும் வேகத்திலேயே நாலைந்து வரி எழுதிப் பார்க்க வேண்டும். புள்ளிகள் குத்தாமல் விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு ‘ண’, ஒரு ‘ஞ’, ஒரு ‘இ’.

இந்த மூன்று எழுத்துகளுக்கும் காரணம் உண்டு. முனை எவ்வளவு தடிமனோ அவ்வளவு வழவழப்பு என்பது பொது விதி. அகன்ற முனை தாளின் இழைகளில் சிக்காமல் கடந்துபோகும், கூர்முனை ஒவ்வொன்றிலும் தட்டும். சுகமாக எழுத வேண்டும் என்றால் தடித்த முனையே நல்லது என்று தோன்றும். ஆனால் தமிழ் எழுத்துக்குள் சின்னச் சின்னச் சுழிகள் இருக்கின்றன. ‘ன’வுக்கு இரண்டு, ‘ண’வுக்கு மூன்று. நெருங்கிய கோடுகள் உள்ள நோட்டில் தடித்த நிப்பால் எழுதினால் சுழிகள் மையில் மூழ்கி அடைத்துக்கொள்ளும். ன, ண இரண்டும் ஒரே கறுப்புத் திட்டாகும். உடனே கை எழுத்தைப் பெரிதாக்கும், அல்லது எச்சரிக்கையாக மெதுவாக நகரும். எதுவானாலும் களைப்பு. பல கோடுகள் நெருங்கி நிற்கும் கான்ஜி எழுத்துகளை எழுதும் ஜப்பானியர்கள் இதே காரணத்தால்தான் நுண்ணிய முனைகளைச் செய்து பழகினார்கள். அவர்களுடைய ‘மீடியம்’ நிப் ஐரோப்பிய ‘ஃபைன்’ நிப்புக்குக் கிட்டத்தட்டச் சமம். தமிழுக்கு உரிய இடம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. குண்டு முனைப் பேனாக்களில் 0.5க்கும் 0.7க்கும் இடையே, அவரவர் எழுத்தின் அளவுக்குத் தக்கபடி அது அமையும். பேனாவில் அச்சிட்டிருக்கும் அந்த எண் குண்டின் விட்டம். விழும் கோடு அதைவிட மெல்லியது.

ஊற்றுப்பேனா, நம் பேச்சில் இங்க் பேனா, இந்த அழுத்தக் கணக்கிலிருந்து எழுதுபவரை விடுவிக்கிறது. நிப்பின் பிளவு வழியே மை நுண்புழை ஈர்ப்பால் முனைக்கு வந்து காத்திருக்கும். தாளைத் தொட்டதும் தாள் அதை உறிஞ்சிக்கொள்ளும். உருட்டவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். பேனாவின் சொந்த எடையே போதும். சாய்த்துப் பிடித்துத்தான் எழுத முடியும் என்பதால் அதன் உடல் கைப்பள்ளத்தில் சாய்ந்துகொள்ளும். புள்ளி, தொட்டாலே விழும். நீண்ட நேரம் தமிழ் எழுதுகிறவர்களுக்கு இதைவிட இசைவான கருவி இன்னும் வரவில்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

அந்த நிப்புகளைச் செய்த ஊர் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர். வெளியூர்க்காரர்களுக்கு அது வெள்ளரிக்காயும் காராச்சேவும் விற்கும் ஊர். ஒரு தலைமுறைக்கு முன்பு அங்கே வீடுகளோடு ஒட்டிய சிறு பட்டறைகளில் நிப் வேலை நடந்துகொண்டே இருந்தது. உலோகத் தகட்டை அச்சில் வெட்டி, பெயர் பொறித்து, வளைத்து, முனையைத் திரட்டி, நடுவில் பிளவு கீறி, தேய்த்து மெருகேற்றி, பெட்டியில் அடுக்கி நாடெங்கும் அனுப்பினார்கள். எங்கோ வடக்கே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதிய இந்தி எழுத்தும் சாத்தூர் நிப்பிலிருந்து வந்திருக்கக்கூடும். பால்பாயின்ட் பரவப் பரவ அந்தப் பட்டறைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. பலர் அச்சுத் தொழிலுக்கும் தீப்பெட்டிக்கும் போனார்கள். ஒரு தொழில் போனது மட்டும் அல்ல. இந்த முனை இந்தக் கைக்கு ஏன் கீறுகிறது என்று பார்த்தவுடன் சொல்லக்கூடிய கண்களும் சேர்ந்து போயின. அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

முழுவதும் போய்விடவில்லை என்பது ஆறுதல். திருவள்ளூரில் ரங்கா என்ற பெயரில் எபோனைட் பேனாக்களைக் கடைசல் இயந்திரத்தில் ஒவ்வொன்றாகக் கையால் கடைந்து தருகிறார்கள். ராஜமுந்திரியின் ரத்னம் பேனா காந்தியின் சுதேசி அழைப்பிலிருந்து பிறந்தது, அதுவும் கைக்கடைசல்தான். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். விரலுக்கு உலோகம்போலச் சில்லிடாது, மலிவான பிளாஸ்டிக்போல வியர்வையில் வழுக்காது. வாங்குபவர் தன் கையைக் காட்டி, பிடிக்கும் இடம் இவ்வளவு தடிமன் வேண்டும் என்று கேட்கலாம். சட்டை தைக்க அளவு கொடுப்பதைப்போல எழுதுவதற்கும் அளவு கொடுக்க முடியும் என்பதே பலருக்குத் தெரியாது.

இங்க் பேனாவின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. உடலுக்குள்ளேயே நேரடியாக மை ஊற்றும் பேனாவில், மை பாதிக்குக் கீழே இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று கைச்சூட்டில் விரிந்து, மையைத் துளியாக வெளியே தள்ளும். மே மாதத்தில் இது நிச்சயம் நடக்கும். மெல்லிய தாளில் மை ஊறி, பின்பக்கம் எழுத முடியாமல் ஆகும். மழையில் நனைந்தால் எழுத்து போகும். இன்னொன்று, இங்க் பேனாவை இரவல் கொடுக்கக் கூடாது என்ற பழைய கண்டிப்பு. அது கருமித்தனம் அன்று. நிப்பின் முனை வருடக் கணக்கில் உரிமையாளரின் சாய்வுக்குத் தேய்ந்திருக்கும். பால்பாயின்டில் குத்திப் பழகிய வேறொரு கை ஐந்து நிமிடம் அழுத்தினால் பிளவின் இரு கால்களும் அகன்றுவிடும். பிறகு அது யாருடைய பேனாவாகவும் இருக்காது.

நிப்பும் ஒரு காலத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றதுண்டு. இறகுப் பேனாவை விட்டு எஃகு நிப்புக்கு மாறிய 1830களில், பிரிட்டிஷ் அரசு அலுவலக எழுத்தர்கள் சிலருக்குப் பேனாவைத் தொட்டாலே விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்ளும் நோய் வந்தது. இறகுபோல வளைந்துகொடுக்காத எஃகே காரணம் என்று பேசப்பட்டது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் அதைப் பற்றி விரிவாக எழுதினார். தோளிலிருந்து கை முழுவதையும் நகர்த்தி எழுதுபவர்களுக்கு அது அரிதாகவே வருகிறது என்பது அவருடைய கவனிப்புகளில் ஒன்று. இன்று அதை மூளையின் இயக்கக் கட்டுப்பாட்டில் நேரும் கோளாறாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். சாதாரணக் களைப்பு அரை மணி ஓய்வில் தீரும். மற்ற வேலைகளையெல்லாம் நன்றாகச் செய்யும் கை, பேனாவை எடுத்தால் மட்டும் இழுத்துக்கொள்கிறது என்றால் பேனாவை மாற்றிக்கொண்டு காலம் கடத்தாமல் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும்.

முனை சரியாக அமைந்த பிறகுதான் உடலின் கேள்வி. 1951இல் ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ நாவலைப் பென்சிலால் எழுதிய ஜான் ஸ்டைன்பெக், தன் பதிப்பாசிரியருக்கு அன்றாடம் எழுதிவந்த கடிதங்களில் இதைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறார். அறுகோணப் பென்சிலின் விளிம்புகள் நாள் முழுதும் எழுதும் விரலை வெட்டின. உருண்டைப் பென்சில்களுக்கு மாறினார். மேசையில் உருண்டு ஓடாது, மரமும் வீணாகாது என்பதற்காக வந்த வடிவம் அறுகோணம். கடிதம் எழுதுபவருக்கு அது போதும், நாவல் எழுதுபவருக்குப் போதாது.

பருமனும் அப்படித்தான். சாதாரணப் பென்சில் சுமார் 7 மில்லிமீட்டர். ஜப்பானின் பைலட் நிறுவனம் 1991இல் எழுதும் களைப்பைக் குறைக்கவென்றே வெளியிட்ட டாக்டர் கிரிப் பேனாவின் பிடி 13.8 மில்லிமீட்டர், ஏறத்தாழ இரு மடங்கு. மெல்லிய உடலைப் பிடிக்க விரல்கள் அதிகம் மடங்க வேண்டும், அதிகம் இறுக்க வேண்டும். தடித்த உடல் அந்த மடக்கத்தைத் தளர்த்தும். மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு இது பெரிய வேறுபாடு. ஆனால் சிறிய கைக்கு 13.8 அதிகம். ரப்பர் பிடியும் நம் வெயிலில் ஓரிரு ஆண்டுகளில் பிசுபிசுத்துப்போகிறது; கோடுகள் கீறிய கெட்டிப் பிளாஸ்டிக்கே நீண்ட நாள் நம்பகமானது.

பிள்ளைகளுக்கென்று பிடியை முக்கோணமாக்கி, விரல் இருக்க வேண்டிய இடத்தைக் குழித்துக் கொடுக்கும் வழக்கமும் பழையது. ஜெர்மனியின் லாமி 1980இல் கொண்டுவந்த சஃபாரி பேனா அதற்குப் புகழ்பெற்றது. அந்தப் பிடி இயல்பாகவே முக்கோணமாகப் பிடிக்கும் கைகளுக்கு அருமையாக அமையும். நான்கு விரலால் பிடிப்பவருக்கு அதே குழிவு, ஒரு விரலைத் தவறான இடத்தில் உட்காரவைக்கும் தண்டனை. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்ற மூவிரல் பிடியே சரி, மற்றதெல்லாம் பிழை என்ற எண்ணம் நம் பள்ளிகளில் உறுதியாக இருக்கிறது. 2012இல் வெளிவந்த ஒரு கனடிய ஆய்வு, நான்காம் வகுப்பு மாணவர்கள் 120 பேரைப் பத்து நிமிடம் பார்த்து எழுதச் செய்து, வழக்கமான நான்கு வகைப் பிடிகளை ஒப்பிட்டது. வேகத்திலும் தெளிவிலும் பிடிகளுக்கிடையே வேறுபாடு இல்லை. எழுத்து நன்றாக வருகிறது, கை வலிக்கவில்லை என்றால் பிள்ளையின் பிடியை அடித்துத் திருத்த வேண்டியதில்லை.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. கனமான பேனா கெட்டது, லேசானது நல்லது என்று சொல்லிவிட முடியாது. கனம் எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். உலோக மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகினால் பேனாவின் வால் பின்னே இழுக்கும். முனையைத் தாளில் வைத்திருக்க விரல்கள் அதை எதிர்த்து உழைக்க வேண்டும். அதே பேனா, மூடியைச் செருகாமல் எழுதினால் சில நேரம் முற்றிலும் வேறு பேனாவாகிவிடும்.

பால்பாயின்டின் அழுத்தத்துக்கும் இங்க் பேனாவின் தொல்லைக்கும் நடுவில் ஒரு வழி 1984இல் ஜப்பானின் சகுரா நிறுவனத்தில் பிறந்தது. நீரில் கலந்த, ஆனால் கூழாக்கிய மை. சும்மா இருக்கும்போது கெட்டியாக நிற்கும். குண்டு உருளும் அசைவில் இளகி ஓடும். இதுதான் ஜெல் பேனா. அழுத்தம் மிகக் குறைவு, நிறம் அடர்த்தி, தொட்டால் புள்ளி. தமிழில் விடைத்தாள் எழுதுபவருக்கு, மை ஊற்றும் வேலை வேண்டாம் என்றால், இது நியாயமான தேர்வு. ஆனால் மையைத் தாராளமாகச் செலவழிக்கும். மூன்று மணித் தேர்வுக்கு மாற்று ரீஃபில் இல்லாமல் போகக் கூடாது. ஈரம் காய ஓரிரு நொடிகள் ஆவதால் கை பட்டால் பூசும். எண்ணெய் மையையே இளக்கி, பால்பாயின்டைச் சறுக்கி ஓட வைத்த மாற்றமும் ஜப்பானில்தான் நடந்தது. யூனி பிராண்டின் ஜெட்ஸ்ட்ரீம் 2006இல் அங்கே விற்பனைக்கு வந்தது. இப்போது நம் ஊர்ப் பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பல பேனாக்களிலும் அந்த இளகிய மையின் உறவினர்கள் இருக்கிறார்கள். பேனாவின் விலைக்கும் கையின் சுகத்துக்கும் உள்ள தொடர்பு முன்னெப்போதையும்விட இன்று அறுந்துவிட்டது. இது மகிழ வேண்டிய செய்தி.

பென்சிலை இந்த வரிசையில் கடைசியில் வைப்பது அநியாயம், ஏனென்றால் அழுத்தும் பழக்கம் முதலில் உண்டாவதே அங்கேதான். இங்கிலாந்தின் பாரோடேல் சுரங்கத்துக் கிராஃபைட் போரினால் பிரான்சுக்கு வராமல் நின்றபோது, நிக்கோலா ஜாக் கோன்டே கிராஃபைட் பொடியையும் களிமண்ணையும் பிசைந்து சுட்டுக் குச்சி செய்தார். காப்புரிமை ஆண்டு 1795. களிமண் கூடினால் குச்சி கடினமாகும், கோடு வெளிறும். குறைந்தால் மென்மை, அடர்கறுப்பு. எச், பி என்ற குறிகளெல்லாம் இந்த விகிதத்தைத்தான் சொல்கின்றன. நம் பள்ளிகளில் எச்பி என்பது கேள்வி கேட்காத வழக்கம். ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகள் பல, முதல் வகுப்புக்கு 2பி அல்லது பி பென்சில் கொண்டுவரச் சொல்கின்றன. ஆறு வயதுக் கைக்கு வலு குறைவு. மென்மையான குச்சி லேசாகத் தொட்டாலே கறுப்பாக எழுதும். இங்கேயோ பிள்ளை எச்பியால் எழுதுகிறது, எழுத்து வெளிறியிருக்கிறது, ‘அழுத்தி எழுது’ என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்கிறார்கள். சிலேட்டில் பலப்பத்தால் எழுதியபோதும் அழுத்தித்தான் எழுதியது. இப்படி ஊன்றிய பழக்கம்தான் பத்து ஆண்டுகள் கழித்துப் பொதுத்தேர்வு அறையில் கட்டைவிரலைப் பிடித்து இழுக்கிறது. ஒரு 2பி பென்சிலின் விலையில் தவிர்த்திருக்கக்கூடியது அது. அடிக்கடி சீவ வேண்டும், நோட்டில் கொஞ்சம் கரி படியும், அவ்வளவுதான்.

தாளின் கீழே என்ன இருக்கிறது என்பதையும் யாரும் பார்ப்பதில்லை. கெட்டி மேசைமேல் ஒற்றைத் தாளை வைத்துப் பால்பாயின்டால் எழுதினால் குண்டு வழுக்கும், கோடு அறுபடும், கை மேலும் அழுத்தும். அடியில் நாலைந்து தாள் இருந்தால் குண்டு லேசாகப் பதிந்து சீராக உருளும். பென்சிலுக்கு நேர்மாறு: அடியில் நோட்டு மெத்தென்றிருந்தால் கூர் தாளுக்குள் இறங்கும், சில நேரம் துளைக்கும். அதனால்தான் ஜப்பானியப் பிள்ளைகள் எழுதும் தாளுக்கு அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகிக்கொள்கிறார்கள். தேர்வு அட்டையை எடுத்துப்போகும் நம் மாணவர்கள், பால்பாயின்டுக்காரர்களாக இருந்தால், விதி அனுமதிக்கும் இடங்களில் விடைப்புத்தகத்தின் எஞ்சிய பக்கங்களை மடக்காமல் அடியிலேயே விட்டு எழுதுவது நல்லது.

இதுவரை சொன்ன எல்லாமே வலது கைக்கு. இடது கையால் எழுதுபவர் தமிழைப் பேனாவால் இழுப்பதில்லை, தள்ளுகிறார். தள்ளும்போது கூரான நிப் தாளில் குத்தி நிற்கும். எழுதிய ஈரத்தின் மேலேயே கை பின்தொடர்ந்து வரும். சுண்டுவிரல் ஓரம் நீலமாகும். ஆகவே வலது கைக்காரருக்குச் சொன்ன வரிசை இவருக்குத் தலைகீழ். ஈரமான ஜெல்லும் மெல்லிய நிப்பும் பின்னே போகும். இளகிய மை கொண்ட, உடனே உலரும் பால்பாயின்ட் முன்னே வரும். இங்க் பேனாதான் வேண்டும் என்றால் முனை உருண்டையான, சற்று அகன்ற நிப்பைத் தேட வேண்டும், எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். தாளின் தலைப்பகுதியை வலப்பக்கம் சாய்த்து வைத்தால், மணிக்கட்டைக் கொக்கிபோல் வளைக்காமல் வரிக்குக் கீழிருந்தே எழுதலாம். இதைச் சிறு வயதிலேயே யாராவது காட்டிக்கொடுத்தால் போதும். வகுப்பில் இடக்கைப் பிள்ளையைப் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்க வேண்டும். வலது கைக்காரருக்கு இடப்புறம் உட்காரவைத்தால்தான் இருவரின் முழங்கைகளும் மோதிக்கொள்ளாமல் இருவருக்கும் எழுத இடம் கிடைக்கும்.